வடசென்னையில் மாத்திரைப் பழக்கத்துக்கு ஓர் ஆதரவுக் குழு: தொடங்குவதும் வளர்ப்பதும்

பழைய வண்ணாரப்பேட்டையில் தூக்க மாத்திரையை விட முடியாமல் தவிக்கும் ஓர் அம்மாவை, "போதை மறுவாழ்வு" என்று போர்டு மாட்டிய இடத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். அவர் கணக்கில் அவர் போதைக்காரர் இல்லை. அது சரியும்கூட. வீட்டுக்காரர் இறந்த சமயம் தூக்கம் வரவில்லை என்று ஒரு டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்தது அல்பிரசோலம். பத்து நாள் முடிந்ததும் நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை. அதே சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கி வாங்கி எட்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது ஒரு ராத்திரி போடாவிட்டால் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. இவரைப் போன்றவர்களுக்கு ஒரு குழு தொடங்க நினைப்பவர்களுக்காக எழுதியது இது. பெயர்ப் பலகையிலிருந்து வங்கிக் கணக்கு வரை எல்லாமே இந்த அம்மா உள்ளே வருவாரா என்ற கேள்வியை ஒட்டித்தான் அமைய வேண்டும்.

வடசென்னையில் மூன்று விதமானவர்கள் வருவார்கள். முதல் வகை, மேலே சொன்ன அம்மா: அல்பிரசோலம், குளோனசிபாம், டயசிபாம், சோல்பிடெம் போன்ற தூக்க, பதற்ற மாத்திரைகள். இரண்டாவது, உடம்பால் உழைக்கிறவர்கள்: துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவர், காசிமேட்டுப் படகுத் தொழிலாளி, மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். இடுப்பு வலிக்கு டிராமடால், டாபென்டடால், அல்லது "நரம்பு மாத்திரை" என்ற பெயரில் பிரிகாபலின். மூன்றாவது, வலியே இல்லாமல் டாபென்டடாலைத் தேடிப் போகும் இருபது வயதுப் பையன்கள். மூவரையும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் உட்கார வைத்தால் முதலில் நின்றுபோவது அந்த அம்மாதான். ஆகவே ஆரம்பத்திலேயே நேரத்தைப் பிரித்துவிடுங்கள். பெண்களுக்கு, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வாரநாளில் காலை 11 மணி. தொழிலாளர்களுக்கு ஞாயிறு மாலை. ஊசியாகப் போடும் பையன்களுக்கு மருத்துவமனைதான் முதல் இடம். குழு அதற்குப் பிறகு.

ஏன் ஊசி வேறு விஷயம் என்பதையும் தன்னார்வலர்கள் தெரிந்திருக்க வேண்டும். விழுங்குவதற்குச் செய்த மாத்திரையில் மருந்து மட்டும் இல்லை. அதை மாத்திரையாக்கச் சேர்க்கும் டால்க், செல்லுலோஸ் போன்ற பொடியும் நிறைய இருக்கும். அது ரத்தத்தில் கரையாது. ரத்தக் குழாயை அடைக்கும், சீழ் கட்டும், நுரையீரல் வரை போகும். ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவியும் ஹெபடைடிஸ்-சியும் கூடவே வரலாம். கை வீங்கி, சிவந்து, காய்ச்சலோடு ஒருவர் வந்தால் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

ஏன் இழுத்துக்கொண்டே போகிறது

வருகிறவர் முதலில் கேட்பது, "நாளைக்கே நிறுத்திடட்டுமா?" வீட்டில் உள்ளவர்கள் அதற்குள் அட்டையைக் குப்பையில் போட்டிருப்பார்கள். இந்தத் துறையில் உயிருக்கே உலை வைக்கும் தவறு இதுதான். தூக்க மாத்திரையை வாரக்கணக்காகப் போட்டவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம். பிரிகாபலினையும் திடீரென்று நிறுத்தக் கூடாது. டிராமடால் போடும்போதே வலிப்பு வரக்கூடிய மருந்து. டாபென்டடாலை நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, உடம்பு முறுக்கல் என்று ஒரு வாரம் படுத்தும். பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தாண்டியவருக்கு அடுத்த ஆபத்து பிறகுதான் வருகிறது. சில வாரம் விட்டுவிட்டுப் பழைய அளவையே திரும்பப் போட்டால், பழைய தாங்கும் சக்தி உடம்பில் இருக்காது. மூச்சு நின்றுபோகலாம். கூடவே சாராயமும் உள்ளே இருந்தால் இன்னும் சீக்கிரம்.

தூக்க மாத்திரையைக் குறைக்க மருத்துவர்கள் பொதுவாகப் பின்பற்றும் வேகம், 2 முதல் 4 வாரத்துக்கு ஒருமுறை, அந்த நேரத்தில் போட்டுக்கொண்டிருக்கும் அளவில் 5 முதல் 10 சதவீதம். இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 1 மில்லிகிராம் போடுகிறவர் ஒவ்வொரு தடவையும் 10 சதவீதம் குறைத்தால் 0.25-க்கு இறங்கவே 13 படிகள். 2 வாரத்துக்கு ஒரு படி என்றால் 6 மாதம். 4 வாரத்துக்கு ஒரு படி என்றால் ஒரு வருஷம். அதற்குப் பிறகுதான் கடைசிக் கால் மாத்திரை, பலருக்கும் சிரமமான கட்டம் அதுதான்.

ஒருவரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்றால் ஒரு வருஷத்துக்குக் கூட நடப்பதாக வாக்குக் கொடுக்கிறோம். குழு எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதை நன்கொடையோ விளம்பரமோ தீர்மானிக்கக் கூடாது, இந்தக் கணக்குதான் தீர்மானிக்க வேண்டும். வேறு வேலையும் வீடும் உள்ள ஒரு தன்னார்வலரால், வாரம் ஒரு போன், வாரம் ஒரு கூட்டம் என்று, 5 பேரைத்தான் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள முடியும். மூன்று தன்னார்வலர் இருந்தால் 15 பேர். பதினாறாவது ஆள் வந்தால் காத்திருப்புப் பட்டியல், கூடவே டாக்டரிடம் போக ஒரு கடிதம். "பாவம், சேத்துக்கலாமே" என்று சேர்த்துக்கொண்டே போன குழுக்களில் நாலாவது மாதம் போனை எடுக்க ஆள் இருக்காது.

அறை, போர்டு, ஒரு சொல்

போர்டில் "போதை" வேண்டாம், "அடிமை" வேண்டாம். "மாத்திரை குறைப்பு ஆதரவுக் குழு" போதும். சர்ச் ஹாலோ, பள்ளிவாசலை ஒட்டிய அறையோ, கல்யாண மண்டபத்து மாடியோ இலவசமாகக் கிடைக்கும்தான். ஆனால் ஒரு மதத்துக்காரர் மட்டும் வந்துபோகும் இடமானால் மற்றவர் படியேற மாட்டார். டியூஷன் சென்டர் காலையில் சும்மாதான் கிடக்கும், அதைக் கேட்டுப் பாருங்கள். தரைத்தளம் முக்கியம். மருந்து குறைகிற நாட்களில் தலைசுற்றும், வயதானவர்கள் படியில் விழுவார்கள். மெட்ரோ விம்கோ நகர் வரை வந்துவிட்டதால் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் நிலையத்திலிருந்து நடந்து வரும் தூரத்தில் இடம் பார்த்தால் நல்லது. ராயபுரத்திலிருந்து தெரிந்தவர் கண்ணில் படாமல் வந்து போக அது வசதி.

பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, வட்டமாக. பன்னிரண்டுக்கு மேல் போனால் கூச்சப்படுகிறவர் வாயே திறக்க மாட்டார். மின்விசிறிச் சத்தம் குறைவாக இருக்கட்டும், டியூப்லைட் கண்ணைக் குத்தாமல் இருக்கட்டும். குறைக்கும் காலத்தில் சத்தமும் வெளிச்சமும் தாங்காது.

"கவுன்சிலர் வருவார்" என்று மட்டும் அறிவிப்பு எழுதாதீர்கள். நம்ம பக்கம் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர்தான். தண்ணீர் லாரி பற்றிப் புகார் சொல்ல நாலு பேர் வந்து நிற்பார்கள். "மனநல ஆலோசகர்" என்று எழுதுங்கள்.

அட்டையும் நோட்டும்

முதல் நாள் வருகிறவரிடம் கேட்க வேண்டிய ஒரே பொருள், வீட்டில் உள்ள எல்லா அட்டைகளும், காலியானதும் சேர்த்து. ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். மேசையில் பரப்பினால் பல உண்மைகள் தெரியும். அட்டையில் ஒன்று கம்பெனி வைத்த பெயர். அதற்கு மேலோ கீழோ இருக்கும் இன்னொன்றுதான் மருந்தின் பெயர். தெரு கிளினிக்கில் ஒரு பெயரில், இன்னொரு டாக்டரிடம் வேறு பெயரில் எழுதி வாங்கியது இரண்டுமே குளோனசிபாமாக இருக்கும். அவருக்கே அது தெரிந்திருக்காது. வலி மாத்திரை அட்டையில் எஸ்ஆர், ஈஆர், சிஆர் என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை. அதை உடைக்கவும் கூடாது, பொடிக்கவும் கூடாது. உடைத்தால் நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும். மெடிக்கலில் நாலு மாத்திரையாகக் கத்தரித்துக் கொடுத்த துண்டில் பெயரும் இருக்காது, தேதியும் இருக்காது. இனி முழு அட்டையாக, பில்லோடு வாங்கச் சொல்லுங்கள்.

பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்று. குறுக்கே ஐந்து கட்டம்: தேதி, மணி, மாத்திரையும் மில்லிகிராமும், தூங்கிய நேரம், உடம்பு எப்படி. "உடம்பு எப்படி" என்பதில் ஒரே வரி: "வலது கை நடுக்கம், காதுல ஊய்னு சத்தம், மத்தியானம் சரியாச்சு." எழுதத் தெரியாதவருக்குப் பேரப்பிள்ளை எழுதலாம், அல்லது முழு மாத்திரைக்கு ஒரு வட்டம், பாதிக்கு அரை வட்டம் போடலாம். முதல் இரண்டு வாரம் எதையும் குறைக்காமல் எழுதுவது மட்டும்தான் வேலை. உண்மையில் எவ்வளவு போடுகிறார் என்பதே அப்போதுதான் பிடிபடும். "ராத்திரி ஒண்ணுதான்" என்றவரின் நோட்டில் மத்தியானம் ஒரு அரை வட்டம் எட்டிப் பார்க்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்கிற முகத்தைக் காட்டாதீர்கள். காட்டினால் அடுத்த வாரத்திலிருந்து நோட்டு பொய் சொல்லும்.

டாக்டரிடம் போகும்போது அந்த நோட்டும் பையும் கூடப் போக வேண்டும். ஓ.பி. வரிசையில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடம். நோட்டு இருந்தால் அந்த நிமிடங்கள் வீணாகாது.

அளவு சொல்வது நம் வேலை இல்லை

இதைத் தன்னார்வலர் பயிற்சியில் முதல் நாளும் சொல்லுங்கள், கடைசி நாளும் சொல்லுங்கள். எவ்வளவு குறைப்பது, எந்த மருந்துக்கு மாற்றுவது என்பதை டாக்டர் மட்டுமே சொல்ல வேண்டும். அல்பிரசோலம் உடம்பில் சீக்கிரம் தீர்ந்துபோகும், அதனால் வேளைக்கு வேளை தவிப்பு. ஆகவே பல டாக்டர்கள் அதை நீண்ட நேரம் நிற்கும் டயசிபாமுக்கு மாற்றி, அதைக் குறைப்பார்கள். இதுக்கு அது எத்தனை சமம் என்று இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஈரல் கெட்டவருக்கும் வயதானவருக்கும் கணக்கே வேறு. "அக்கா, எனக்கு இப்படித்தான் சரியாச்சு, நீங்களும் பாதியாக்குங்க" என்று நல்ல மனசோடு ஒரு பழைய உறுப்பினர் சொல்வார். அந்த இடத்தில் குறுக்கிட்டு நிறுத்துவது கூட்டம் நடத்துபவரின் கடமை. சொல்ல வேண்டிய வாக்கியம்: "அண்ணே, எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. எத்தனை மில்லிகிராம்னு சொல்லாதீங்க."

அதேபோல, யாருடைய மாத்திரையையும் குழு வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது. "வீட்ல இருந்தா போட்ருவேன், நீங்களே வெச்சிக்கங்க" என்று கெஞ்சுவார்கள். டிராமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் இருக்கிறது. அல்பிரசோலமும் டயசிபாமும் அதற்கு முன்பிருந்தே. அடுத்தவர் மருந்து உங்கள் அலமாரியில் இருந்தால் அதற்கு விளக்கம் கிடையாது. வீட்டில் ஒருவரிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள், வாராவாரம் ஏழு அறை டப்பாவில் பிரித்துத் தரட்டும்.

போலீஸ் பயம் எல்லோருக்கும் உண்டு. மேலே சொன்ன போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (1985) 64ஏ பிரிவு, பழக்கத்துக்கு ஆளானவர் தாமாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால், சிறிய அளவு வைத்திருந்தது, உட்கொண்டது போன்ற குற்றங்களுக்கு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். விற்றவருக்கு அது பொருந்தாது. இதை நன்றாகத் தெரிந்த ஒரு வழக்கறிஞர் எண் கையில் இருக்கட்டும்.

மருத்துவமனையும் மெடிக்கலும்

ஸ்டான்லியின் மனநலப் பிரிவு, கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், அரசு மருத்துவமனைகளில் 2025-இல் தொடங்கிய கலங்கரை என்ற போதை மீட்பு மையங்கள் ஆகியவை வடசென்னைக்காரர்கள் காசில்லாமல் போகக்கூடிய இடங்கள். முதல் தடவை ஒரு தன்னார்வலர் கூடப் போக வேண்டும். தனியாக அனுப்பினால் சீட்டு வரிசையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்கள். டாக்டருக்குக் கொடுக்கும் கடிதம் அரைப் பக்கம் தாண்டக் கூடாது: எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை வருஷம், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, என்ன தொழில். தொழில் ஏன் என்றால், நாலைந்து நாள் கடலில் தங்கும் படகில் இருப்பவருக்கு நடுக்கடலில் வலிப்பு வந்தால் என்ன ஆகும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்களுக்குக் குறைப்பைத் தொடங்க டாக்டரிடம் பேச அதுவே தோதான சமயம். ரம்ஜான் நோன்பு வைப்பவருக்கு மாத்திரை நேரம் மாறும், அதையும் மாதத்துக்கு முன்பே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

தெரு கிளினிக் டாக்டரிடம் குற்றம் சாட்டும் குரலில் போனால் கதவு மூடிவிடும். பிரிட்டனில் 1988-லேயே இந்த வகைத் தூக்க மாத்திரைகளை 2 முதல் 4 வாரம்தான் தரலாம் என்று மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவுரை சொல்லியும், அங்கும் வருஷக்கணக்கில் எழுதுவது நிற்கவில்லை. இது ஒரு டாக்டரின் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை, ஓ.பி.யில் நேரம் இல்லாததால் வருவது என்று புரிந்துகொண்டு பேசுங்கள்.

மெடிக்கல்காரரிடமும் அப்படித்தான். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்காக 2014 முதல் நடைமுறையில் உள்ள ஹெச்-1 பட்டியலில் இந்த மருந்துகளில் பல இருக்கின்றன. யார் எழுதினார், யாருக்கு, எவ்வளவு என்று தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். "அண்ணே, சீட்டு இல்லாம குடுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். கொடுக்காமல் விட்ட அன்றே அந்த ஆளுக்கு வலிப்பு வரலாமே. "குடுக்க முடியலைன்னா எங்க நம்பரைக் குடுங்க" என்று ஒரு சிறு அட்டையை விட்டு வாருங்கள். சுவரொட்டியைவிட இந்த அட்டை அதிகம் வேலை செய்யும்.

வலிப்பும் மூச்சும்

வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துணி வைத்து, நேரம் பார்க்க வேண்டும். கையில் சாவிக்கொத்து திணிக்க ஓடி வருவார்கள். தடுங்கள். வாயில் கரண்டி, தண்ணீர் எதுவும் கூடாது. இந்த மருந்து நின்றதால் வந்த வலிப்பு என்றால் தானாக நின்றாலும் 108 கூப்பிட்டே ஆக வேண்டும், ஏனென்றால் அடுத்தது வரலாம். வலி மாத்திரை அதிகமானதன் அடையாளம் வேறு: குறட்டை போல இழுக்கும் மூச்சு, நீலம் பாரித்த உதடு, ஊசிமுனை போலச் சுருங்கிய கண்மணி. "தூங்கறான், விடு" என்று விடுவதால்தான் சாவு. மோரும் எலுமிச்சை ஜூஸும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போகும். 108-ல் "மாத்திரை ஓவர்டோஸ், மூச்சு குறையுது" என்று அதே சொற்களில் சொல்லுங்கள்.

உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இரவு நேரத்துக்கு 14416 (டெலி மானஸ்), போதைப் பழக்கத்துக்கான தேசிய இலவச எண் 14446, இரண்டையும் அந்த நோட்டின் பின்னட்டையில் ஒட்டிவிடுங்கள்.

போனும் பெயரும்

வாட்ஸ்அப் குரூப் தொடங்காதீர்கள். எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கொருக்குப்பேட்டையில் ஒருவர் மச்சான் இன்னொருவருக்குப் பக்கத்து வீடு. தனித்தனியாகப் போய்ச் சேரும் பிராட்காஸ்ட் போதும். தன்னார்வலரின் சொந்த எண்ணைக் கொடுக்காமல் குழுவுக்கென்று ஒரு சிம், ஒரு பழைய போன். யாரிடம் அந்த போன் இருக்கிறது என்று கைமாறும் நாளும் நேரமும் எழுதி வைக்கவும். பதிவேட்டில் பெயருக்குப் பதில் எண். எண்ணுக்கு எந்தப் பெயர் என்பது வேறொரு நோட்டில், வேறொரு பூட்டில்.

பதிவும் பணமும்

ஆறு மாதம் கூட்டம் நிற்காமல் நடந்த பிறகு பதிவு செய்தால் போதும். சங்கமாக என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் குறைந்தது 7 பேர், ஆண்டுதோறும் பொதுக்குழு, கணக்குத் தாக்கல். அறக்கட்டளையாக என்றால் பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. ஆள் குறைவு, அலைச்சலும் குறைவு. ஆனால் தொடங்கியவர் கையிலேயே எல்லாம் தங்கிவிடும் ஆபத்து அதில் அதிகம். அறங்காவலர் பதவிக்காலம் 3 வருஷம் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள், பழைய உறுப்பினர்களில் ஒருவருக்கும் இடம் வையுங்கள். நோக்கம் என்ற பகுதியில் "சிகிச்சை" என்று எழுதாமல் "ஆதரவு, தகவல், குடும்ப வழிகாட்டல்" என்று எழுதுங்கள். பிறகு பான், வங்கிக் கணக்கு, வருமான வரி விலக்குப் பதிவு. நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் பதிவு (80ஜி எனப் பழகியது) இருந்தாலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு வரிச்சலுகை இல்லை, அதைக் கொடுப்பவருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

லண்டனில் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அன்போடு அனுப்பும் பணம், அவரிடம் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதற்கான மத்திய அரசு பதிவு இல்லாமல் வாங்கினால் குற்றம். இந்திய பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை செய்பவர் தன் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அந்தச் சிக்கல் இல்லை. மருந்துக் கம்பெனிப் பணம் வேண்டவே வேண்டாம். எண்ணூர், மணலிப் பக்கத்துப் பெரிய ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்கப் பொதுவாக 3 வருஷ வேலைக்குக் கணக்கு காட்ட வேண்டும். அது வரும்போது "குணமானவங்களோட போட்டோ" கேட்பார்கள். முகம் தர மாட்டோம், எத்தனை கூட்டம், எத்தனை பேர் ஆறு மாதம் தொடர்ந்தார்கள் என்ற எண் தருவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

நாலு பேர் நல்லபடியாக மீண்டதும், "பத்து படுக்கை போடலாமே" என்று ஒரு நல்லவர் இடமும் தருவார். ஒரே ஒரு ஆளைத் தங்க வைத்துச் சிகிச்சை தந்தாலும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் கீழ் பதிவு, டாக்டர், செவிலியர் எல்லாம் வேண்டும். அது வேறு தொழில், அதை மருத்துவமனைக்கே விட்டுவிடுங்கள்.

இரண்டாவது இடம்

வியாசர்பாடியில் ஒரு கிளை கேட்கிறார்கள் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். முதல் இடத்தில், தொடங்கியவர் ஒரு மாதம் வராமலே கூட்டம் நடந்ததா? குறைத்து முடித்து ஆறு மாதமாவது ஆன இருவர் கூட்டம் நடத்தப் பழகியிருக்கிறார்களா? ஆறு மாத வாடகை வங்கியில் இருக்கிறதா? ஒன்று இல்லையென்றாலும் தள்ளிப் போடுங்கள். மீண்டவரை உடனே தன்னார்வலராக்கும் ஆசையும் ஒரு பொறி. அடுத்தவர் தவிப்பை வாராவாரம் கேட்பது பழைய தவிப்பைக் கிளறும். முதல் மூன்று மாதம் நாற்காலி போடட்டும், டீ வாங்கி வரட்டும், கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

செப்டம்பர் கடைசிக்குள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் நாள்கணக்காகத் தண்ணீர் நின்றது. மாத்திரை குறைத்துக்கொண்டிருப்பவருக்கு இரண்டு நாள் மருந்து கிடைக்காவிட்டால் அது திடீர் நிறுத்தம்தான். மழைக்கு முன் டாக்டரிடம் கேட்டு ஒரு வாரத்துக்குக் கூடுதல் மருந்து, வீட்டில் வேறொருவர் பொறுப்பில், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில், மருந்துச் சீட்டின் நகலோடு, தண்ணீர் எட்டாத பரண் மேல். நோட்டும் அந்த உறைக்குள்ளேயே இருக்கட்டும்.